அரைப்பெட்டிக் குளிர்

மாடிப்படி வளைவில் பிணத்தோடு சந்தூக்குப் பெட்டி சிக்கிக்கொண்டது. கீழே நின்றவர்கள் இடப்பக்கம் சாய்க்கச் சொன்னார்கள். மேலே நின்றவர்கள் வலப்பக்கம் என்றார்கள். பக்கத்துக் கடை முத்து முகம்மது நடுவில் மாட்டிக்கொண்டு, "ரெண்டும் வேணாம்ப்பா, தலைமாட்டைக் கொஞ்சம் தூக்குங்க, முடிஞ்சுது" என்று இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு விலை சொன்னார்.

சைதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டை வாங்கியபோது அவள் புருஷன் பர்கத்துல்லா இதே வளைவைக் காட்டித்தான் பேரத்தை முடித்தார். "இதுல பீரோ ஏறாது, மய்யித்து இறங்காது" என்று வீட்டுக்காரச் சீனரிடம் முகத்தைச் சுளித்தாராம். பீரோ மறுநாளே ஏறிவிட்டது. இப்போது யாரோ ஒருவரின் முனகலோடு மற்றதும் இறங்கியது. காலடிகள் தெருவைப் போய்ச் சேர்ந்தன. கலிமாச் சத்தம் ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட் பஸ்களின் ஹாரனுக்குள் கரைந்தது.

"உள்ள வா மச்சி" என்றாள் மைமூன், பர்கத்துல்லாவின் தங்கை. "வாசல்ல நிக்காதே. இத்தா தொடங்கிருச்சு."

இனி நாலு மாதம் பத்து நாள். படியிறங்கக் கூடாது, பால்கனியில் தலை காட்டக் கூடாது. சைதா கூடத்துப் பாயில் வந்து உட்கார்ந்தாள். பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் மெத்தையை அதற்குள் யாரோ சுருட்டிவிட்டிருந்தார்கள்.

யாரோ என்ன, மைமூன்தான். துக்கம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். மைமூனுக்குச் சுத்தம் வரும். மூன்று நாளைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து சோறு வரும், அதற்கு இடம் வேண்டும் என்று காலை எட்டு மணிக்கே முந்தானையைச் சொருகிக்கொண்டு ஃப்ரிட்ஜைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள். அதை முடித்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"அண்ணனுக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து பேச்சு வரல. போர்வைக்குள்ள மச்சி கையப் புடிச்சு, மூணு விரலை அழுத்திச்சாம். மூணுன்னா யாரு? எங்க வாப்பாவுக்கு மூணாவது புள்ள நான்தானே? என் தங்கச்சியப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போயிருச்சு."

பத்து மணிக்குக் கதையில் விரல் மட்டும்தான் இருந்தது. பதினொன்றுக்கு அண்ணனின் கண்ணோரம் ஒரு சொட்டுக் கண்ணீரும் வந்து சேர்ந்துகொண்டது. மகன் மாஹிருக்கு வேறு அர்த்தம். கடை, கிட்டங்கி, வீடு, மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள் என்று வாப்பா சொன்னதாக அவன் முத்து முகம்மதிடம் பாதி பர்மீயத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். சைதா யாரையும் திருத்தவில்லை. அந்த விரல் எந்தப் பேரத்தைப் பற்றியது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் இப்போது யேவே கபர்ஸ்தானுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பர்கத்துல்லாவின் வாப்பா ரத்தினக்கல் தரகர். கல் வியாபாரத்தில் வாய் பேசாது. துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு விரல்தான் பேசும். அந்தப் பாஷையை மகனுக்கும் கொடுத்தார். மகன் அதைக் கல்லுக்குப் பயன்படுத்தவில்லை, கல்யாணத்துக்குப் பயன்படுத்தினார். புதுப்பெண்ணாக சைதா வந்தபோது இரண்டு அறையில் ஒன்பது பேர். புருஷனும் பெண்டாட்டியும் வாய்விட்டு ஒரு சொல் பேசினால் மற்ற ஏழு பேரின் காதும் நிமிரும். அதனால் சாப்பாட்டுப் பாயில் அவருடைய துண்டுக்கு அடியில்தான் எல்லாம் முடிவானது: ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையா, சினிமாவா; அவள் உம்மா வீட்டுக்கு இரண்டு நாளா, நாலு நாளா. கேட்ட விலைக்கு உடனே ஒத்துக்கொண்டால் எதிராளிக்கு நம்மேல் மரியாதை போய்விடும் என்பதை அவள் முதல் மாதமே கற்றுக்கொண்டாள்.

பிறகு இந்த வீடு வந்தது. தனி அறை வந்தது. வாய்விட்டுப் பேச வசதி வந்ததும் பேச்சு நின்றுபோயிற்று. மிங்கலா சந்தையில் குடை மொத்த வியாபாரம். காலையில் போவார், மத்தியானம் கடைக்காரர்களோடு சாப்பிடுவார், பொழுது சாய்ந்து வருவார். பகல் முழுக்கக் குடையை விரித்து விரித்துக் காட்டிய மனுஷன், வீட்டுக்கு வந்ததும் மடங்கிக்கொள்வார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் பாதிக்கு மேல் அப்படிப் போனது. குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் குறை.

கள்ளி வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். மகள் ஸமீரா வாழ்க்கைப்பட்டு அமெரிக்காவில், மில்வாக்கியில் இருக்கிறாள். அங்கிருந்து வந்த ஒருவர் பெட்டியில், கம்பளிக் காலுறைக்குள் சுற்றி இரண்டு மடல் அனுப்பியிருந்தாள்.

"சப்பாத்திக்கள்ளி. இதப் போயி ப்ளேன்ல ஏத்தி அனுப்புவாங்களா?" என்றாள் சைதா.

ஃபோனில் ஸமீரா சிரித்தாள். "இது இந்த ஊருச் செடி வாப்பா. யாரும் நட்டதில்ல, ஆத்து மணல்ல தானா வரும். மைனஸ் இருபத்தஞ்சுலயும் சாகாது. ஜூன் மாசம் மஞ்சளா பூக்கும். ஒரு பூ ஒரு நாள்தான்."

"இருபத்தஞ்செல்லாம் இருக்காது" என்றார் பர்கத்துல்லா. "இருபதுன்னு வச்சுக்குவோம்."

ஆனால் அன்றைக்கே அவர் மாட்டிக்கொண்டார். பனியைக் கண்ணால் கண்டிராத மனுஷன். வெயிலுக்கும் மழைக்கும் குடை விற்றே காலம் போயிற்று. பனியில் புதைந்து கிடந்து எழுந்திருக்கும் ஒரு கள்ளி அவருக்கு நம்ப முடியாத சரக்காக இருந்தது. பால்கனித் தொட்டியில் நட்டார். ரங்கூன் மழை ஒரு மடலை அழுக்கிவிட்டது. மற்றது தாக்குப்பிடித்து இரண்டு குட்டி போட்டது, பூ மட்டும் போடவில்லை. குளிர் படணும் வாப்பா, மூணு மாசமாவது தூங்கணும், அப்பத்தான் பூக்கும் என்றாள் ஸமீரா.

லத்தா பேட்டை மொத்தக் கடைகளில் எதைக் கேட்டாலும் கிடைக்கும். குளிர்காலம் கிடைக்காது. யோசித்துக்கொண்டே இருந்தவர், போன டிசம்பரில் ஒரு மத்தியானம் கடையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கையைக் கழுவினார். சைதாவின் எதிரில் உட்கார்ந்து தோளிலிருந்த துண்டை எடுத்து நடுவில் விரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருந்தாலும் கையை உள்ளே விட்டாள்.

அவர் கேட்டது ஃப்ரிட்ஜின் காய்கறிப் பெட்டி முழுவதும், நாலு மாதத்துக்கு. அவள் கொடுத்தது கதவில் முட்டை வைக்கும் தட்டு, பத்து நாளைக்கு. அவர் கையை உருவிக்கொண்டு எழுந்துபோகிற மாதிரி பாவனை செய்தார். அவள் போகட்டும் என்று விட்டாள். திரும்ப வந்து உட்கார்ந்தார். கடைசியில் பாதிப் பெட்டி, ரமலான் பிறை வரைக்கும் என்று வந்து நின்றது.

"பதிலுக்கு?" என்றார்.

அதற்கு விரலில் சொல் இல்லை. சைதா வாயால்தான் சொன்னாள். "மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வரணும். தெனமும்."

"ரமலான் வந்தா மத்தியானச் சோறே கிடையாதே."

"அதான் பிறை வரைக்கும்."

முப்பத்தெட்டு வருஷமாகப் பக்கத்துக் கடையிலேயே இருந்த வியாபாரியை அன்றைக்குத்தான் கவனித்தவர் மாதிரி அவர் அவளைப் பார்த்தார். பிறகு விரலை அழுத்தினார்.

சொன்ன சொல் தவறவில்லை. ஒரு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். கரண்ட் பெரும்பாலும் இருக்காது. இருட்டிய அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர் பேசுவதெல்லாம் கள்ளியைப் பற்றித்தான். கரண்ட் போனால் கள்ளி வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து விழித்துக்கொள்ளுமாம். அதற்காகத் தண்ணீர் பாட்டிலில் ஐஸ் கட்டவைத்துப் பெட்டிக்குள் சாய்த்துவைப்பார். ஜனவரியில், தொட்டியிலிருந்து பிடுங்கி வைத்த மடல்கள் சுருங்கி, கருநீலமாகி, பர்மீயப் பத்திரிகைத் தாளுக்குள் வதங்கிக் கிடந்தன.

"செத்துப்போச்சுங்க."

"இல்ல. அது சாமர்த்தியம். உள்ள தண்ணி இருந்தா ஒறஞ்சு வெடிச்சுரும்ல? அதான் தண்ணியெல்லாம் வெளிய விட்டுட்டு இப்படிச் சுருங்கிக் கெடக்குது. ஸமீரா வீட்டுல பனிக்கு அடியில இதே கோலத்துலதான் கெடக்குதாம். பாக்குறவன் தூக்கிப் போட்டுருவான். தூக்கிப் போடாம இருக்கணும், அவ்வளவுதான் வேலை."

பெரிய முள் பெரிசில்லை, அதன் அடியில் பொன்னிற முடி மாதிரி இருக்கும் பொடி முள்தான் ஆள்தின்னி. குத்தினால் தேய்க்கக் கூடாது, செலோடேப் ஒட்டி உரிக்க வேண்டும் என்பதும் அந்தச் சாப்பாட்டு வேளையில் அவள் தெரிந்துகொண்டதுதான். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரத்தில், காலையில் அரிசி களையும்போதே, ஒரு மணிக்குக் கேட்பதற்கென்று ஒரு கேள்வியைத் தயார்பண்ணி வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். கள்ளிக்கு இருட்டு தெரியுமா? குட்டி மடலுக்குத் தாய் மடல்தான் சோறு போடுமா? அவருக்குப் பதில் தெரியாவிட்டால் ஸமீராவிடம் கேட்டு மறுநாள் கொண்டுவருவார்.

ஜனவரி முடிவில் நெஞ்சுவலி. கடைக்குப் போவது நின்றது. சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. நேற்றுச் சாயங்காலம் பேச்சு போனபிறகு, போர்வைக்கு அடியில் அவர் கை அவள் கையைத் தேடி வந்து மூன்று விரலைப் பிடித்து அழுத்தியது.

பிறைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரம் பார்த்துக்கொள் என்றாரா, மூன்று வாரச் சாப்பாட்டுக்கு என்னால் வர முடியாது, விட்டுக்கொடு என்றாரா, அவளுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அவள் பேரம் பேசவில்லை. அவர் விரல்களைத் திருப்பி அழுத்தினாள். கேட்டவுடனே அவள் ஒத்துக்கொண்டது அது ஒரு தடவைதான். விடியற்காலை சுபுஹு பாங்குக்குப் பிறகு அவர் மூச்சு நின்றது.

மூன்று மணி வாக்கில் மைமூன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது கை விரல்களை முந்தானையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னன்னு தெரியல மச்சி, காலைலேர்ந்து கை அரிச்சுக் கொல்லுது."

"காட்டு."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் பொன்முடி மின்னியது. சைதா அந்தக் கையை உடனே விடவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து செலோடேப்பை எடுத்துவந்து, ஒவ்வொரு விரலாக ஒட்டி ஒட்டி உரித்தாள்.

"ஃப்ரிட்ஜுலேர்ந்து என்னத்த எடுத்தே?"

"அத ஏன் கேக்குறே. கீழ்ப்பெட்டியில பேப்பர்ல சுத்தி வதங்கின கத்திரிக்கா. அழுகிப்போயிருந்துச்சு. ஐஸ் பாட்டிலு வேற. எல்லாத்தையும் கறுப்புப் பையில கட்டிக் கீழே வச்சாச்சு. என்னா மச்சி நீ, ஃப்ரிட்ஜ இப்படியா வச்சுக்குவே?"

சைதா கடைசி விரலையும் உரித்து முடித்தாள்.

"வண்டி வந்துருச்சா?"

"எந்த வண்டி?"

"குப்பை வண்டி."

"நாலு மணிக்குத்தானே வரும். ஏன்?"

கூடத்தில் பதினைந்து பெண்கள். யாரை அனுப்புவது? மய்யித்து மண்ணுக்குப் போகிற நேரத்தில் குப்பைப் பையிலிருந்து ஒரு முள்ளை எடுத்துவா என்று எந்த வாயால் சொல்வது? மாஹிர் இருந்தால் போயிருப்பான். ஏன் என்று பர்மீயத்தில் கேட்டுவிட்டுப் போயிருப்பான். மைமூனையே அனுப்பலாம். அவள் போவாள், போகிற வழியில் அதையும் கதையில் சேர்த்துக்கொள்வாள்.

தொழுகைக்கு ஒளு செய்துவருகிறேன் என்று எழுந்த சைதா குளியலறைக்குப் போகவில்லை. முன்னறைக்குப் போனாள். வெள்ளை முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தாள்.

இந்தத் தெருவில் எல்லாப் பால்கனிக்கும் இருப்பது போல இதிலும் ஒரு கயிறு தொங்கியது. கீழ் நுனியில் கவ்வி, மேல் நுனியில் சின்ன மணி. பத்திரிகைக்காரன் கவ்வியில் மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும். அதைவிட அதிகமாக அந்த மணியை அடித்தவள் படிக்கட்டுக்குக் கீழே வெற்றிலைக்கடை போட்டிருக்கும் விஜயகுமாரிதான். தினமும் பொழுது சாய்ந்தபிறகு பர்கத்துல்லாவுக்கு ஒரு வெற்றிலைப் பொட்டலம் இந்தக் கயிற்றில் ஏறிவரும்.

சைதா கயிற்றை ஆட்டினாள். விஜயகுமாரி நிமிர்ந்தாள். வெள்ளை உருவத்தைக் கண்டதும் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அக்கா, நீங்க இங்க நிக்கலாமா?"

"கறுப்புப் பை ஒண்ணு இருக்கா அங்க?"

"ரெண்டு இருக்கு."

"அதுல அவரு கள்ளி இருக்கு."

விஜயகுமாரி உடனே குனிந்தாள். இரண்டு வருஷமாக அவளும் அந்தக் கள்ளியின் சமாச்சாரத்தை வெற்றிலையோடு சேர்த்துக் கேட்டு வந்தவள். முதல் பையை அவிழ்த்தாள். வேறு யார் வீட்டு மீன் செதிலோ. தெருமுனையில் குப்பை வண்டியின் மணி கேட்டது. இரண்டாவது பையைப் பிளாட்பாரத்திலேயே கவிழ்த்துவிட்டாள். பாக்கு வெட்டியால் கிளறினாள்.

"பாத்து, பொடி முள்ளு இருக்கு."

"தெரியும்க்கா. அண்ணன் சொல்லியிருக்காரு."

ஒன்று கிடைத்தது. இன்னொன்றும் கிடைத்தது. மூன்றாவது நசுங்கியிருந்தது, விஜயகுமாரி அதைத் தூக்கிக் காட்டினாள். சைதா வேண்டாம் என்று கையை அசைத்தாள். வண்டி வந்து நின்றது. ஆட்கள் குப்பையை அள்ளி உள்ளே வீசினார்கள். விஜயகுமாரி இரண்டு மடலையும் வெற்றிலையில் வைத்து மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, கவ்வியில் மாட்டினாள். பழக்கம் போகுமா? மாட்டியதும் கயிற்றை ஒரு இழு இழுத்துவிட்டாள்.

மணி அடித்தது.

கூடத்தில் ஓதல் நின்றது. பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தார்கள்.

சைதா பையை இழுத்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது மைமூன் அடுப்படி வாசலில் நின்றாள். "மச்சி, பால்கனியிலயா நின்னே? பாங்கு சொன்னா மாதிரி தெருவுக்கே தெரிஞ்சிருக்குமே." பையை எட்டிப் பார்த்தாள். "ஐயோ. இந்தக் கத்திரிக்காவையா?"

"கத்திரிக்கா இல்ல."

"எதுவோ. அழுகினது அழுகினதுதானே?"

"அழுகல. பிறை வரைக்கும் உள்ள இருக்கணும். அப்படித்தான் பேச்சு."

"யாரோட பேச்சு?"

சைதா அடுப்படிக்குள் போனாள். ஃப்ரிட்ஜின் கீழ்ப்பெட்டியை இழுத்தாள். யாரோ கொண்டுவந்த பிரியாணி டப்பா அதை முழுக்க அடைத்துக்கொண்டு இருந்தது. அதைத் தூக்கி மைமூன் கையில் கொடுத்தாள்.

"அப்ப சோத்த எங்க வக்கிறது?"

"அந்தப் பாதி என்னோடது. அதுல வச்சுக்க."

மைமூன் டப்பாவோடு நின்றாள். "மூணு விரலு இதுக்கா?" என்று கேட்டாள், யாருக்கும் கேட்காத குரலில்.

சைதா மடல்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். மைமூன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அவள் அந்தக் கதையைச் சொல்லவில்லை.

மஃரிபுக்குப் பிறகு மாஹிர் வந்தான். கைலி ஓரமெல்லாம் செம்மண். கபரில் தண்ணீர் தெளித்ததையும், தலைமாட்டில் ஒரு மருதாணிக் கொம்பு நட்டதையும் சொன்னான். "மண்ணு ரொம்ப கெட்டியா இருந்துச்சும்மா. மம்பட்டி எறங்கல" என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தமிழ் வரவில்லை. தெருவில் பிள்ளைகள் "மீ லாபி" என்று கூவினார்கள், கரண்ட் வந்துவிட்டது. அடுப்படியில் ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. சைதாவின் காது அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

இஷா முடிந்ததும் ஸமீரா வீடியோவில் வந்தாள். அங்கே அப்போதுதான் விடிகிறது. அழுது முகம் வீங்கியிருந்தது. டிக்கெட், விசா, திரும்பிப் போக முடியுமா என்கிற பயம் எல்லாவற்றையும் பற்றி இங்கே காலையாக இருந்தபோதே அவள் பேசித் தீர்த்திருந்தாள்.

"வெளிய பனி இருக்கா?" என்றாள் சைதா.

ஸமீரா ஃபோனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். எங்கும் வெள்ளை. வேலி தெரியவில்லை, தரை தெரியவில்லை. நடுவில் ஒரு மூங்கில் குச்சி மட்டும் நின்றது.

"அதான் உம்மா, அடையாளத்துக்கு நட்டு வச்சது. அங்கதான் இருக்கு."

"காணோமே."

"அடியில கெடக்கு."

சைதா அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனை யாரோ கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் ஆண்களுக்குக் கூடத்தில் சஹன் சாப்பாடு வைத்தார்கள். பெண்கள் உள்ளறையில். சைதாவையும் கூப்பிட்டார்கள். "நீங்க சாப்பிடுங்க, வர்றேன்" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். கரண்ட் போயிருந்தது. முக்காலி இரண்டும் சுவரோரம் கிடந்தன. ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

காலையில் அரிசி களைகிற வேலை இல்லை. ஆனாலும் முகம் கழுவும்போது ஒரு கேள்வி வந்துவிட்டிருந்தது. ஒரு நாள்தான் பூ என்றால், அது எந்நேரத்தில் விரியும்? வெயில் ஏறியா, விடியும் முன்பா?

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்குப் போகிறவர்கள்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். கீழ்ப்பெட்டியை இழுத்தாள். ராத்திரி அவள் புதிதாக உறையவைத்த ஐஸ் பாட்டில் பாதி கரைந்திருந்தது. ஃப்ரீசரிலிருந்து வேறொன்றை எடுத்து மாற்றினாள். காலையில் விஜயகுமாரி கயிற்றில் அனுப்பிய கொத்தமல்லிக் கட்டு அவிழ்ந்து அவர் பக்கம் சாய்ந்து கிடந்தது. அதைச் சேர்த்து எடுத்துத் தன் பாதிக்குள் தள்ளி வைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.